பதினைந்து பேர் வேண்டும்

வகுப்புக்கு மூன்று பேர் வந்திருந்தார்கள். அதில் ஒருவர் மின்விசிறியைப் போட வந்த காவலாளி.

கூடத்தில் இருபத்தைந்து நாற்காலிகள் கிடந்தன. இஸ்திரிக்காரம்மா காலையிலேயே வந்து ஈரத்துணியால் துடைத்து வரிசையாகப் போட்டவை. முன்னால் தரையில் விரிப்பு, அதன்மேல் கை கால் இல்லாத இரண்டு ரப்பர் பொம்மைகள் மல்லாந்து கிடந்தன. ஆம்புலன்ஸ் நர்ஸ் அவற்றுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கைக்கடிகாரத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மழைனால இருக்கும்" என்றார் டியூஷன் டீச்சர். மழை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. நின்று நின்று விழுகிற தூறல்தான்.

"முப்பத்தொரு பேர் கட்டைவிரல் போட்டிருந்தாங்களே டீச்சர்." இஸ்திரிக்காரம்மா போனைத் திறந்து இன்னொரு தடவை எண்ணினாள். முப்பத்தொன்றுதான்.

"அதப் போடறதுக்கு உக்காந்த இடத்தவிட்டு எழுந்திருக்க வேண்டாம்ல அக்கா" என்றாள் நர்ஸ்.

இருந்த மூன்று பேருக்கும் அவள் சொல்லித்தந்தாள். மூச்சு இருக்கிறதா என்று பார்ப்பது, ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொல்வது, மார்புக்கு நடுவே ஒரு கைமேல் இன்னொரு கையை வைத்து அழுத்துவது. முழங்கை மடங்கக் கூடாது. ஒரு நிமிடத்துக்கு நூறுக்குக் குறையக் கூடாது. காவலாளி இருபது அழுத்தியதும் தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்கும் என்று எழுந்து போய்விட்டார்.

பொம்மைகளைப் பையில் போட்டுக்கொண்டே நர்ஸ் சொன்னாள்: "தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. இந்தப் பொம்மைங்களுக்கு அவ்வளவு கிராக்கி. பதினஞ்சு பேராவது வந்தாத்தான் எங்க ஆபீஸ்ல குடுப்பாங்க. அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு இன்னொரு தடவை கேட்டு வாங்கிடறேன். அன்னிக்கும் இப்படின்னா இந்தத் தெருப் பேரைச் சொல்லி நான் வாயத் தொறக்க முடியாது."

"வந்துடுவாங்க" என்றாள் இஸ்திரிக்காரம்மா. "நான் கூட்டிட்டு வந்துடறேன்."

அவள் கடை அடுக்குமாடிக் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும் ஒரு மூலை. மற்ற இடத்தில் ஒரு மேசை, மேசைமேல் நாலாக மடித்த கம்பளி, பின்சுவரில் ஆணி அடித்துக் கட்டிய கம்பி. கம்பியில் சட்டைகள் தொங்கும். தெருவில் யார் வேலைக்குப் போகிறார், யாருக்கு வேலை போய்விட்டது, யார் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார் எல்லாம் அந்தக் கம்பியைப் பார்த்தாலே தெரியும். இருபது வருடமாக அவளும் அவள் வீட்டுக்காரரும் எதிரும் புதிருமாக நின்று தேய்த்தார்கள். சட்டை அவருடையது, சீருடையும் படுக்கைவிரிப்பும் அவளுடையது. எட்டு மாதமாக எல்லாம் அவளுடையது.

அவர் போன அன்றைக்கு எட்டு மணிகூட ஆகவில்லை. ஒரு வெள்ளைச் சட்டைக்குக் காலர் முடித்து, தோளுக்கு வந்தவர், "லேசா கிறுகிறுன்னு வருது" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார். அப்படியே மேசைக்காலைப் பிடித்துச் சரிந்தார். வேலைக்குப் போகிறவர்கள் படியிறங்கும் நேரம். பதினான்கு பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் செய்தித்தாளால் விசிறினார். ஒருவர் பாதத்தைச் சூடு பறக்கத் தேய்த்தார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் தலையைத் தாங்கிக்கொண்டு ஆம்புலன்ஸுக்கு வழி சொன்னார். துணி கருகும் வாசம் வந்ததும் பால் கடைக்காரர் பாய்ந்து இஸ்திரிப் பெட்டியை எடுத்து நிறுத்தினார். சட்டை பிழைத்தது. அவள் அவர் வாயில் தண்ணீர் ஊற்றினாள். அது கடைவாயில் வழிந்தது. பதினோராவது நிமிடம் ஆம்புலன்ஸ் வந்தது. நர்ஸ் இறங்கிய கையோடு முழங்காலிட்டு அழுத்த ஆரம்பித்தாள், அழுத்திக்கொண்டேதான் ஏற்றிப்போனாள்.

ஒரு மாதம் கழித்து அதே நர்ஸ் அந்தப் பக்கம் வந்தபோது இஸ்திரிக்காரம்மா அவளைப் பிடித்து உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டாள். நர்ஸ் பிடிகொடுக்காமல்தான் பேசிப்பார்த்தாள். விடவில்லை என்றதும் சொல்லிவிட்டாள். "நாலு நிமிஷத்துக்குள்ள யாராவது ஒருத்தர் அழுத்த ஆரம்பிச்சிருந்தா ஒரு வாய்ப்பு இருந்திருக்கும் அக்கா. நிச்சயம்னு சொல்லல. இருந்திருக்கும்."

அதோடு விட்டிருந்தால்கூட அவள் மறந்திருப்பாள். செத்தவருக்காக ஒரு தெருவையே கூட்டி வைத்து வகுப்பு நடத்த அவளுக்கு நேரம் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் மகளையும் ஒரு தடவை கூட்டி வாருங்கள் என்றார்கள். பாப்பா என்று கூப்பிட்டாலும் அவளுக்குப் பத்தொன்பது வயது. படம் எடுத்துப் பார்த்த டாக்டர், அப்பாவுக்கு இருந்த அதே கோளாறு, இதயச் சுவர் தடித்திருக்கிறது, குடும்பத்தில் வருவது என்றார். மாத்திரை எழுதினார். ஓடக் கூடாது, பளு தூக்கக் கூடாது. தோளுக்குக் கீழே தோலுக்கடியில் ஒரு கருவி வைத்தால் பயமில்லை. அதற்கு வரிசை இருக்கிறது, ஒரு வருடம் ஆகலாம்.

"அதுவரைக்கும் டாக்டர்?"

"அதுவரைக்கும் பக்கத்துல இருக்கறவங்களுக்கு முதலுதவி தெரிஞ்சிருந்தா நல்லது."

வெளியே வந்ததும் பாப்பா அம்மாவின் கையைப் பிடித்து உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். "யார்கிட்டயும் சொல்லக் கூடாது. மூக்குக்கண்ணாடிக் கடையில வேலைக்குச் சேந்து மூணு மாசம்தான் ஆகுது. அங்க கண்ணு டெஸ்ட் பாக்கற அக்காகிட்ட மட்டும் நானே சொல்லிக்கிறேன், அவங்களுக்கு இதெல்லாம் தெரியும். தெருவுல ஒரு காக்காகுருவிக்குத் தெரியக் கூடாது. நெஞ்சு நோய்க்காரின்னு பேரு வாங்கிட்டு என்னால படியிறங்க முடியாது."

அம்மா சத்தியம் செய்தாள். தெருவுக்கு இந்தப் பேச்சே தெரியாது. தெருவுக்குத் தெரிந்ததெல்லாம், இஸ்திரிக்காரம்மா புருஷன் போன துக்கத்தில் எல்லாரையும் பொம்மையை அழுத்தக் கூப்பிடுகிறாள் என்பதுதான்.

திங்கட்கிழமை டீச்சர் ஒரு அறிவிப்பு எழுதித் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். குழுவுக்கு 'நம்ம தெரு' என்று பெயர். இருநூற்றுச் சொச்சம் பேர். 'உயிர் காக்கும் கல்வி, அனைவரும் வருக' என்று ஆரம்பித்த அறிவிப்புக்குக் கீழே கட்டைவிரல்கள் வந்தன, பூங்கொத்துகள் வந்தன, கூப்பிய கைகள் வந்தன. பிறகு யாரோ வழியை மறித்து வண்டியை நிறுத்திவிட்டார்கள் என்று சண்டை மூண்டது. மாலைக்குள் அறிவிப்பு எங்கேயோ மேலே போய்விட்டது. இஸ்திரிக்காரம்மா மறுபடி போட்டாள். அதன்மேல் காணாமல் போன பூனையின் படம் வந்து விழுந்தது. பூனையைத் தேட ஒன்பது பேர் கிளம்பினார்கள்.

"ஒரு நாளைக்கு ஒரு பதிவு போதும்மா" என்று செயலாளர் தனியாக எழுதியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை அவள் பால் கடைக்காரரிடம் பழைய ரசீதுப் புத்தகம் வாங்கி, பின்பக்கங்களில் டீச்சரை எழுதச் சொல்லி, கிழித்து, தேய்த்த சட்டைகளின் பைக்குள் ஒவ்வொன்றாக வைத்தாள். 'ஞாயிறு காலை பத்து மணி. கூடம். ஒரு மணி நேரம்தான்.' மறுநாள் மூன்றாம் மாடிக்காரர் அழுக்குத் துணி மூட்டையோடு வந்தார்.

"பையில வச்சிருந்ததப் பாத்தீங்களா சார்?"

"என்ன பையில? ஓ, அது என்னவோ கூழா வந்துச்சே. துவைக்கப் போட்டுட்டாங்க போல."

தூறல் விட்டபாடில்லை. துணிகள் அரை ஈரமாகவே வந்தன. பெட்டியை வைத்தால் புஸ்ஸென்று ஆவி கிளம்பி முகத்தில் அடித்தது. ஒரு சட்டைக்கு இரண்டு சட்டையின் நேரம் பிடித்தது. நடுநடுவே அவள் ஒரு படுக்கைவிரிப்பைச் சுருட்டி மேசையில் வைத்து, கைமேல் கை வைத்து அழுத்திப் பார்த்துக்கொள்வாள். முப்பது வரை எண்ணுவாள். மணிக்கட்டு வலிக்கும். மறுபடி பெட்டியை எடுப்பாள்.

தேய்த்த துணிகளோடு மாடி மாடியாக ஏறினாள். கதவு திறக்கிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை மாமியார் வருகிறார். பையனுக்குப் பரீட்சை. முதுகு பிடித்திருக்கிறது, தரையில் உட்கார முடியாது. நாலாம் மாடிக்காரி மட்டும் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு உள்ளதைச் சொன்னாள்.

"உங்கமேல எல்லாருக்கும் பரிதாபம்தான் அக்கா. ஆனா தினமும் இப்படிப் போடறது, அன்னிக்கு நின்னவங்களக் குத்திக் காட்டற மாதிரி இருக்குன்னு பேசிக்கிறாங்க. நாங்க என்ன டாக்டரா? எங்களுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"ஐயோ, நான் அப்படி நினைக்கவே இல்லம்மா."

"நீங்க நினைக்காம இருக்கலாம். பாக்கறவங்களுக்கு அப்படித்தானே தோணும்?"

வியாழக்கிழமை கம்பியில் பாதிதான் துணி இருந்தது. மழையால் இருக்கும் என்று நினைத்தாள். பிறகு எதிர்க் கட்டடத்து ஆள் ஒருவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு, அவள் கடையைப் பார்க்காத மாதிரி கழுத்தை விறைத்துக்கொண்டு, தெருமுக்கு இஸ்திரிக் கடைக்குப் போவதைப் பார்த்தாள். கைவிரல் கணக்குப் பார்த்தாள். வருகிறேன் என்று வாயால் சொன்னவர்கள் ஐந்து பேர். உள்ளே எங்கேயோ என்னவோ பற்றிக்கொண்டது. போனை வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

"பூனையத் தேட ஒம்போது பேர் போனீங்க" என்று ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. "அன்னிக்குப் பதினாலு பேர் நின்னீங்க. ஒருத்தர் பேப்பரால விசிறினீங்க. ஒருத்தர் கால்ல தேய்ச்சீங்க. சட்டை கருகுதுன்னு தாவி வந்து பெட்டியத் தூக்கினீங்க. சட்டையக் காப்பாத்தினீங்க. மனுசனைக் காப்பாத்தறது எப்படின்னு ஒரு மணி நேரம் கத்துக்க வாங்கன்னா மாமியார் வராங்க, முதுகு புடிச்சிருக்கு. நல்லாயிருங்க எல்லாரும்."

விரலை எடுத்தாள். போய்விட்டது. கட்டைவிரல், பூங்கொத்து எதுவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஒருவர் குழுவிலிருந்து வெளியேறினார் என்று வந்தது. அடுத்து இன்னொருவர். அரை மணிக்குள் ஆறு பேர். பால் கடைக்காரரும் அதில் ஒருவர்.

டீச்சர் தேடி வந்து கடை முன்னால் நின்றார். திட்டவில்லை. "அவர்தானே உங்களுக்கு ரசீதுப் புக்கு குடுத்தாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை செயலாளரே வந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எப்போதும் சட்டையை உள்ளே விட்டு, பையில் பேனா வைத்திருப்பார். அன்று பேனா இல்லை. குடையை மடக்கி மேசைக்காலில் சாய்த்துவிட்டு, அவள் வீட்டுக்காரர் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்தார்.

"அந்தப் பதிவ எடுத்துட்டேன்மா. எடுக்காம இருக்க முடியல."

"எடுங்க சார். நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"நீங்க பேசினது ஒண்ணும் பொய் இல்லையே." அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார். "தலைய நான்தான் புடிச்சிருந்தேன். கனமா இருந்துச்சு. அந்தக் கனம் இன்னும் கையில இருக்கு. உங்க நோட்டீஸ் வர்றப்பல்லாம் போனைக் கவுத்து வச்சுடுவேன்."

"ஏன் சார்? ஒரு மணி நேரம்தான…"

"நேரமாம்மா பிரச்சினை? எனக்கு நாள் முழுக்க என்ன வேலை இருக்கு?" பேனா இல்லாத சட்டைப் பையைத் தடவிக்கொண்டார். "அங்க வந்து அந்தப் பொண்ணு சொல்லித்தர்றத ஒரு தடவை செஞ்சு பாத்துட்டா, இவ்வளவுதானா, இது அன்னிக்கே நம்மால முடிஞ்சிருக்குமேன்னு தெரிஞ்சுடும். இப்ப, விதி முடிஞ்சுதுன்னு சொல்லிக்கிறோம். அதச் சொல்லிக்கிட்டுத்தான் சாப்புடறோம், தூங்கறோம். அத எங்ககிட்டருந்து புடுங்காதீங்க."

அவள் கையில் இஸ்திரிப் பெட்டி ஆவியைக் கக்கிக்கொண்டு நின்றது. பாப்பாவைப் பற்றிய வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. உள்ளங்கையில் அடித்த அடி நினைவில் இருந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"நானும்தான் சார் நின்னேன். தண்ணி ஊத்தினேன். மூச்சு இல்லாதவங்களுக்கு வாயில தண்ணி ஊத்தக் கூடாதாம். எனக்கு அது தெரிஞ்சும் நான் சாப்புடறேன், தூங்கறேன்."

அவர் எழுந்து குடையை எடுத்துக்கொண்டார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை பாப்பாவுக்கு அரைநாள் வேலை. மத்தியானம் வந்தவள் சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாள். ஒரு முட்டையை உடைத்து ஊற்றிப் பிரட்டி அம்மாவுக்கும் கொண்டுவந்திருந்தாள். அவள் வந்தது தெரியாமல் அம்மா சுருட்டிய விரிப்பைக் குனிந்து அழுத்திக்கொண்டிருந்தாள். இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது.

"அது நானா?" என்றாள் பாப்பா.

அம்மா கையை எடுத்தாள். "சும்மா பாத்தேன்."

"அம்மா, நீ தெருவுல எல்லார்கிட்டயும் கெட்ட பேரு வாங்கிட்டு நிக்கற. துணிகூட வரமாட்டேங்குது. விட்டுத்தொலையேன். நான் மாத்திரை சாப்புடறேன்ல?"

"சாப்புடற. இல்லங்கல." தட்டை வாங்கி வைத்துவிட்டு அம்மா முக்காலியில் உட்கார்ந்தாள். "புதன்கிழமை நான் ஓடிப் பாத்தேன்."

"எங்க?"

"இங்கருந்து பஸ் ஸ்டாப்புக்கு. நீ எட்டரைக்குப் போறேல்ல. நடுவுல எங்கயாவது விழுந்தா நான் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்னு. போன்ல மணி பாத்துக்கிட்டு ஓடினேன். நாலு நிமிஷம் ஆகுது பாப்பா. முட்டி ஒத்துழைக்க மாட்டேங்குது. ரெண்டாம் தடவை செருப்பைக் கழட்டிட்டு ஓடினேன். அப்பவும் நாலு."

பாப்பா எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டாள்.

"பஸ்ல என்ன ஆகும்னு என்னால யோசிக்க முடியல. தெருவாவது என் கைக்குள்ள இருக்கட்டும்னு பாக்கறேன். நடுவுல பால் கடை இருக்கு, டீச்சர் வீடு இருக்கு, செயலாளர் வாசல்லயே உக்காந்திருப்பாரு. ஒரே ஒரு வார்த்தை சொன்னா எல்லாரும் வந்துடுவாங்க. சொல்லிடட்டுமா?"

"வேண்டாம்."

"உன் பேரு வேண்டாம். எங்க வீட்டுலன்னு மட்டும்…"

"எங்க வீட்டுலன்னா யாரு? நம்ம ரெண்டு பேர்தான இருக்கோம்?" பாப்பா எழுந்துவிட்டாள். "விழுந்தா விழுந்துட்டுப் போறேன்மா. அதுவரைக்கும் எல்லாரையும் போல நடந்துட்டுப் போறேனே. அதுகூட வேண்டாமா எனக்கு?"

அம்மா சரி என்கிற மாதிரி தலையை ஆட்டினாள். சாயங்காலம் ஒரு சுற்று கேட்டுப் பார்த்ததில் ஐந்து பேர் ஏழானார்கள். நர்ஸுக்கு ஏழு பேர் என்று சொல்லப் போனை எடுத்தாள், சொல்லாமலே வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் எழுந்து முகம் கழுவினாள். பாப்பா சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா கொஞ்ச நேரம் அவள் முதுகு ஏறி இறங்குவதைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டுப் படியில் வந்து உட்கார்ந்து, போனை வாயருகே பிடித்தாள்.

"இஸ்திரிக்காரம்மா பேசறேன். அன்னிக்குப் பேசினதுக்கு மன்னிச்சுடுங்க. இந்த வகுப்பு எங்க வீட்டுக்காரருக்காக இல்ல. எம் பொண்ணுக்காக. அவளுக்கும் அவங்கப்பா நெஞ்சுதான். சொல்லக் கூடாதுன்னு சொன்னா, சொல்லிட்டேன். அவ தினமும் எட்டரைக்கு உங்க வாசல் வழியாத்தான் நடந்து போறா. விழுந்தா நான் ஓடி வர நாலு நிமிஷம் ஆகும். அந்த நாலு நிமிஷம் உங்கள்ல யாராவது ஒருத்தர் பக்கத்துல இருப்பீங்க. பத்து மணிக்கு வந்துடுங்க. அவகிட்ட எதுவும் கேக்காதீங்க."

பத்து மணிக்கு நாற்காலி போதவில்லை. காவலாளி மொட்டைமாடியிலிருந்து ஒரு பெஞ்சைத் தூக்கி வந்தார். முப்பத்தெட்டு பேர். மாமியாரோடு வந்தவர்கள் இருந்தார்கள். முதுகு பிடித்தவர் சுவரில் சாய்ந்து நின்றார். பால் கடைக்காரர் கடையை இழுத்துச் சாத்திவிட்டு வந்திருந்தார். இஸ்திரிக்காரம்மா கிட்டே போய் நின்றதும், "விடுங்கம்மா, விடுங்க" என்று அவளைப் பார்க்காமலேயே சொன்னார்.

யார் முதலில் வருகிறீர்கள் என்று நர்ஸ் கேட்டபோது ஒருவரும் அசையவில்லை. செயலாளர் செருப்பைக் கழற்றினார். சட்டைக் கையை மடித்துவிட்டு, பொம்மைக்குப் பக்கத்தில் மெதுவாக முழங்காலிட்டார்.

"முழங்கைய மடக்காதீங்க சார். இன்னும் ஆழமா. பயப்படாதீங்க, இதுக்கு வலிக்காது."

அவர் அழுத்தினார். பொம்மைக்குள்ளிருந்து டிக் டிக்கென்று சத்தம் வந்தது. கூடம் முழுக்கச் சேர்ந்து எண்ணியது. முப்பது ஆனதும் போதும் என்றாள் நர்ஸ். அவர் நிறுத்தவில்லை. கண்ணீர் மூக்கு நுனியில் சேர்ந்து பொம்மையின்மேல் சொட்டியது. அறுபது வரை போய்த்தான் கையை எடுத்தார். "இவ்வளவுதானா?" என்றார் நர்ஸைப் பார்த்து. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நாலாம் மாடிக்காரி வந்து அவர் தோளைத் தொட்டு எழுப்பிவிட்டு அவர் இடத்தில் உட்கார்ந்தாள்.

ஒரு மணி நேரம் என்றது இரண்டு மணி நேரம் ஆயிற்று. இஸ்திரிக்காரம்மா ஓரமாக நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்து, அவர்கள் வாசல் தெருவில் எங்கே இருக்கிறது என்று மனசுக்குள் வைத்துக்கொண்டாள். கட்டடத்து வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் வரை நாற்பது அடிக்கு ஒருவர் என்று கணக்கு வந்தது. எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவளுக்கு நன்றாகப் பசித்தது.

வீட்டுக்குப் போனபோது பாப்பா வேலைக்குப் போட்டுப் போகும் சட்டையைத் தானே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"குடு, நான் தேய்க்கறேன்."

பாப்பா கொடுக்கவில்லை. காலரை இழுத்துப் பிடித்துப் பெட்டியை ஓட்டினாள். "காலையில பால் வாங்கப் போனேன். படியில மூணு பேர் வழிவிட்டு நின்னாங்க. ஒருத்தர் என் கையிலருந்து பையப் புடுங்கிட்டாரு, கனம் தூக்காதம்மான்னு. அரை லிட்டர் பால். கீழ் வீட்டுக் குழந்தை, அக்கா நீ செத்துப் போயிடுவியான்னு கேக்குது."

"பாப்பா…"

"பேசாத. நீ என்கிட்ட பேசாத."

தேய்த்த சட்டையை மாட்டிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை தூறல் விட்டு வெயில் வந்திருந்தது. எட்டரைக்கு பாப்பா பையை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். அம்மா மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் செயலாளர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். டீச்சர் ஜன்னலில் நின்றார். பால் கடைக்காரர் கல்லாவை விட்டு வெளியே வந்து, இயல்பாக நிற்கிற மாதிரி நின்றார். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்ணுக்காகக் காத்திருந்தது.

பாப்பா வாசலில் ஒரு கணம் நின்று எல்லாரையும் பார்த்தாள். பிறகு திரும்பி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு, பின்வாசல் கதவைத் திறந்து, பின்தெருவில் இறங்கினாள். அந்த வழியாகவும் பஸ் ஸ்டாப்புக்குப் போகலாம். கொஞ்சம் சுற்று. அங்கே அவளை யாருக்கும் தெரியாது.

இஸ்திரிக்காரம்மா பெட்டியை நிறுத்தினாள். கூப்பிட வாயெடுத்தாள், கூப்பிடவில்லை. மகள் கண்ணுக்கு மறையும் மட்டும் பின்வாசலில் நின்றாள். அவள் யாரையும் பார்க்காமல், யாரும் அவளைப் பார்க்காமல், எல்லாரையும் போல நடந்து போனாள்.

பின்தெருவில் முதல் கடை சைக்கிள் பழுதுபார்க்கும் கடை. கடைக்காரர் ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கோணல் பார்த்துக்கொண்டிருந்தார். இஸ்திரிக்காரம்மா தெருவைக் கடந்து அவர் முன்னால் போய் நின்றாள்.

"என்னம்மா?"

"இந்தத் தெருவுக்குன்னு போன்ல ஏதாவது குரூப் இருக்காண்ணா?"

"இருக்கு. எதுக்கு?"

"என்னையும் அதுல சேத்துவிடுங்க" என்று போனை நீட்டினாள்.